ஜாக்கெட் 62-வது கிலோமீட்டரில் இருந்தது!

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். அதற்கே பலருக்கு நாக்கு தள்ளிவிடும். அதைவிட நீளமான ஓட்டங்களுக்கு 'அல்ட்ரா மாரத்தான்' என்று பெயர். அதையும் தார் ரோட்டில் ஓடாமல் காடு, மலை, ஒற்றையடிப் பாதை என்று ஓடினால் 'டிரெயில் அல்ட்ரா'. முழங்கால் வரை சேறு பூசிக்கொண்டு, கழுத்தில் மெடலோடு சிரிக்கிறவர்களின் போட்டோக்கள் உங்கள் இன்ஸ்டா பக்கத்திலும் வந்திருக்கும். "மழையாவது, புயலாவது... விடாம ஓடினேன்ல!" என்று கேப்ஷன் போட்டிருப்பார்கள். நாமும் ஒரு ஹார்ட்டின் தட்டிவிட்டு அடுத்த போட்டோவுக்குப் போயிருப்போம்.

அந்த 'விடாம' என்ற வார்த்தையைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். அதற்கு சீனா வரை போய் வர வேண்டும்.

காலையில் கிளம்பினார்கள்

2021 மே 22. சீனாவின் கான்சு மாகாணம், பாய்யின் நகரத்துக்கு உட்பட்ட ஜிங்தாய் பகுதி. மஞ்சள் ஆற்றங்கரையில் தூண் தூணாகப் பாறைகள் எழுந்து நிற்கும் அந்த இடத்தைக் 'கல்வனம்' என்கிறார்கள். அங்கே 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். காலை 9 மணிக்கு 172 பேர் கிளம்பினார்கள். மே மாதம் என்பதால் பெரும்பாலானவர்கள் அரைக்கால் டவுசர், மெல்லிய டி-ஷர்ட்டில்தான் இருந்தார்கள்.

பலத்த காற்று வீசும் என்று உள்ளூர் வானிலை அலுவலகம் முந்தைய நாள் இரவே எச்சரித்திருந்தது. ஆனாலும் போட்டியைத் தள்ளிவைக்கவில்லை. காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இருந்தால் நல்லது என்ற ஆலோசனையோடு விட்டுவிட்டார்கள். ராத்திரி குளிருக்குத்தானே தேவைப்படும் என்று பலர் ஜாக்கெட்டைத் தனிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பைகள் எல்லாம் வண்டியில் ஏறி, 62-வது கிலோமீட்டரில் இருக்கும் ஆறாவது செக்பாயின்ட்டுக்குப் போய்விட்டன.

புயல் பிடித்துக்கொண்டதோ இரண்டாவது செக்பாயின்ட்டுக்கும் மூன்றாவது செக்பாயின்ட்டுக்கும் நடுவில். அந்த 8 கிலோமீட்டரில் மட்டும் சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். வழியில் ஒதுங்க மரம் கிடையாது. மேலே இருக்கும் மூன்றாவது செக்பாயின்ட்டுக்கு வண்டி போக ரோடு இல்லை. அதனால் அங்கே சாப்பாடும் இல்லை, சூடாகக் குடிக்கவும் ஒன்றும் இல்லை.

மதிய நேரத்தில் ஆலங்கட்டி மழை அடித்தது. எலும்பைத் துளைக்கும் குளிர்மழை வந்தது. ஆளையே சாய்க்கிற அளவுக்குக் காற்று வீசியது. ஏறுகிற சரிவோ கல்லும் மண்ணும் கலந்தது. ஒருவர் பத்து தடவைக்கு மேல் விழுந்து விழுந்து எழுந்ததாகப் பிறகு சொன்னார். அவசரத்துக்கு என்று கொடுத்திருந்த மெல்லிய பளபளப்புப் போர்வையைப் பிரித்தவுடனே காற்று கிழித்துப்போட்டது.

ராத்திரி முழுக்க, மறுநாள் காலைவரை தேடினார்கள். 21 பேர் இறந்துபோயிருந்தார்கள்.

முன்னால் ஓடியவர்கள்

பயிற்சி இல்லாதவர்கள் வந்து மாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றும். ஆனால், இறந்தவர்களில் ஒருவர் லியாங் ஜிங், சீனாவின் முன்னணி அல்ட்ரா ஓட்டக்காரர். இன்னொருவர் ஹுவாங் குவான்ஜுன், செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாதவர். 2019-ல் சீனாவின் தேசிய அளவிலான மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுப் போட்டியில், செவித்திறன் குறைந்தோருக்கான மாரத்தானில் தங்கம் வென்றவர். அன்று முன்னணியில் ஓடிய ஆறு பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார்.

காரணம் எளிமையானது. வேகமாக ஓடுகிறவர்கள் எடை குறைய வேண்டும் என்று எல்லோரையும்விடக் குறைவாகச் சுமந்து போவார்கள். புயல் வந்தபோது மலையில் எல்லோரையும்விட மேலே இருந்ததும் அவர்கள்தான். பின்னால் வந்தவர்களுக்கு 'போவதா, திரும்புவதா' என்று யோசிக்க நேரம் கிடைத்தது. திரும்பி இறங்கியவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

இன்னொரு விஷயமும் இருந்தது. குறித்த நேரத்துக்குள் முடிக்கும் ஒவ்வொருவருக்கும் 1,600 யுவான் பரிசு. பாதியில் நின்றால் அது கிடைக்காது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் உடம்பின் உட்சூடு சுமார் 37 டிகிரி செல்சியஸ். அது 35-க்குக் கீழே இறங்கினால் 'ஹைப்போதெர்மியா'. பனி கொட்டும் ஊரில்தான் இது வரும் என்று நினைக்க வேண்டாம். நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தால் போதும். காற்றைவிடத் தண்ணீர் சூட்டை மிக வேகமாக உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

ஓடிக்கொண்டிருக்கும்வரை தசைகள் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். சேறும் சரிவும் வந்தால் ஓட்டம் நடையாகும், நடை தவழலாகும். சூடு உண்டாவது குறையும், வெளியேறுவது கூடும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் உடம்பு வெடவெடவென நடுங்கும். அப்புறம் விரல்கள் சொன்னபடி கேட்காது. பையின் ஜிப்பைக்கூடத் திறக்க முடியாது. பேச்சு குழறும், கால் தள்ளாடும், புத்தி மழுங்கும். 'நான் ஆபத்தில் இருக்கிறேன்' என்று புரிந்துகொள்ள வேண்டிய மூளையே முதலில் தடுமாறிவிடுகிறது. நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நிலைமை கைமீறுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அதனால்தான் 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்ற முடிவை அந்த நேரத்தில் ஓடுகிறவரிடமே விட்டுவிடக் கூடாது. அதைத் தெளிவாக யோசிக்கும் நிலையில் அவர் இருக்க மாட்டார்.

குகையில் ஓர் அடுப்பு

அன்றைக்கு அந்த மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஜூ கேமிங். மழை வந்ததும் தன் குகைக்குள் ஒதுங்கிவிட்டார். வெளியே ஒருவர் அசையாமல் நிற்பதைப் பார்த்து, அவரை உள்ளே கூட்டிவந்து நெருப்பு மூட்டினார். அடுத்து சிலர் வந்து சேர்ந்தார்கள். வெளியே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர்கள் சொன்னதும், அந்தக் காற்றில் மறுபடி வெளியே போய், விழுந்து கிடந்த ஒருவரைக் கொண்டுவந்தார். மொத்தம் ஆறு உயிர்கள். சீனாவே அவரைக் கொண்டாடியபோது, இன்னும் இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லையே என்றுதான் அவர் வருத்தப்பட்டார்.

போட்டிக்காரர்கள் தராத இரண்டே விஷயங்களை அவர் தந்தார்: காற்றுக்கு ஒரு மறைப்பு, குளிருக்கு ஒரு நெருப்பு.

விசாரணை நடந்தது. மோசமான வானிலையோடு மோசமான ஏற்பாடும் சேர்ந்ததே காரணம் என்று அறிக்கை சொன்னது. போட்டியை நடத்தியவர்கள் கைதானார்கள், அதிகாரிகள்மீது நடவடிக்கை பாய்ந்தது. இந்த மாதிரி ஓட்டங்களை சீன அரசு நிறுத்திவைத்தது.

நிறுத்தத் தெரிந்தவர்கள்

இப்போது ஐரோப்பாவுக்கு வாருங்கள். மோன் பிளாங் மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாடுகள் வழியாக ஓடும் 'யூ.டி.எம்.பி'தான் டிரெயில் உலகின் திருவிழா. சுமார் 170 கிலோமீட்டர், ஏற்றம் மட்டும் சுமார் 10,000 மீட்டர்.

2010-ல் கொட்டும் மழை, மண்சரிவு. போட்டி தொடங்கிய சில மணி நேரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு வருடமாகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? மறுநாள் காலை இத்தாலியின் கூர்மாயரில் இருந்து சுருக்கப்பட்ட ஓட்டம் நடந்தது. பிரிட்டனின் ஜெஸ் பிராக் ஜெயித்தார். 2012-ல் மலைமேல் பனி என்றதும் உயரமான கணவாய்களை விட்டுவிட்டு, பாதையைச் சுமார் 100 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். தலைமூடி வைத்த மழை ஜாக்கெட், அவசரப் போர்வை, விசில், ஹெட்லைட், போன் எல்லாம் அங்கே கட்டாயம். வழியிலேயே பையைத் திறந்து சோதிப்பார்கள். இல்லையென்றால் தண்டனை உண்டு.

அங்கேயும் இதே மழை, இதே சேறு. நிறுத்துவதற்கும் சுருக்குவதற்கும் அங்கே முன்கூட்டியே ஒரு திட்டம் இருந்தது.

நமக்கு என்ன?

நீங்கள் 100 கிலோமீட்டர் ஓடப்போவதில்லை, சரி. ஆனால் உங்கள் பிள்ளை நண்பர்களோடு ட்ரெக்கிங் கிளம்பலாம், கணவரோ மனைவியோ மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கலாம். பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வானிலை மோசமானால் நிறுத்துவது யார் பொறுப்பு? வண்டி வர முடியாத இடத்தில் ஒருவர் விழுந்தால் எப்படி இறக்குவீர்கள்? கையில் என்னென்ன கட்டாயம் இருக்க வேண்டும்? பதிலுக்கு இழுத்தால், அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவழிக்கலாம்.

கிளம்பும்போது மழை ஜாக்கெட்டும் ஒரு செட் உலர்ந்த துணியும் முதுகுப்பையிலேயே இருக்கட்டும். யாராவது நடுங்க ஆரம்பித்தால் காற்றிலிருந்து ஒதுக்குங்கள், ஈரத்துணியை மாற்றுங்கள், போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினால் தாமதிக்காமல் உதவியைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், மெடல் இல்லாமல் பாதியில் திரும்பி வருகிறவரிடம் "என்ன, முடிக்கலையா?" என்று கேட்காதீர்கள். "பத்திரமா வந்துட்டியா, சாப்பிட்டியா?" என்று கேளுங்கள்.