கடிகாரமும் சிசுவின் பசியும்

நியூஸீலாந்து தேசத்தில் டுனீடின் நகரில் 1907-ஆம் வருஷம் பிளங்கெட் சங்கத்தை ஸ்தாபித்த டாக்டர் ட்ரூபி கிங் என்பார், சிசுக்களுக்கு நான்கு மணிக்கொரு தரமே பாலூட்ட வேண்டுமென்றும், இரவில் ஊட்டலாகாதென்றும் விதித்தார். சிசு மரணத்தைக் குறைக்க அவர் உழைத்ததை நாம் மறுக்கவில்லை. தாய்ப்பாலே சிறந்ததென்று வற்புறுத்தியவரும் அவரே. ஆயினும் அவ்விதி பிசகானது. பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறிது. தாய்ப்பாலோ விரைவில் ஜீரணமாவது. இரவு பகல் என்ற பேதம் அதன் உடலிற் படிய இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். பால் சுரக்கச் செய்யும் புரொலாக்டின் இரவிலேயே அதிகரிப்பதால், இராப்பாலை நிறுத்தினால் பகற்பாலும் குறையக்கூடும். குழந்தை வேண்டும்போதெல்லாம், இரவாயினும் பகலாயினும், ஊட்டுக என்பதே இன்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் கொள்கை.

இது ஸ்திரீகள் விஷயமென்று நம் வாசகர் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். சுதந்திரம், சமத்துவம் என்று மேடையில் முழங்கிவிட்டு வந்து, நள்ளிரவில் குழந்தை அழுதால் சீறிவிட்டுப் புரண்டு படுக்கும் தேசபக்தரை நாம் அறிவோம். பாலூட்ட அவரால் ஆகாதுதான். துணி மாற்றவும், ஏப்பம் வரத் தோளிலிட்டுத் தட்டவும், விடிந்தபின் அவள் இரண்டு நாழிகை கண்ணயருமாறு அடுப்பைப் பார்த்துக்கொள்ளவும் அவருக்கு என்ன தடை?