ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி ரிப்போர்ட்டை நம்புறதுக்கு முன்னாடி கிராஃபைப் பாருங்க

1/ மூளையில கட்டி மாதிரி ஏதோ தெரியுது. "எம்.ஆர்.ஐ.யோட ஸ்பெக்ட்ரோஸ்கோப்பியும் எடுத்துட்டு வாங்க"ன்னு டாக்டர் சொல்றார். நீங்களும் எடுத்துட்டு வர்றீங்க. அந்த ரிப்போர்ட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்? கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/ நான் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். ரேடியாலஜிஸ்ட் இல்லை. ஆனா ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு "இதுல என்ன போட்டிருக்கு சார்?"னு ஜனங்க முதல்ல வந்து நிக்கிறது எங்ககிட்டதான்.

3/ அப்படி வந்தவர் ஒரு கொத்தனார். நாற்பது வயசு இருக்கும். திடீர்னு ஃபிட்ஸ். வெளியில எடுத்த ஸ்கேன்ல, மூளையோட ஓரத்துல, மண்டை ஓட்டை ஒட்டி, மோதிரம் மாதிரி ஒரு வளையம். நம்ம ஊர்ல இது டிபி கட்டியா இருக்கலாம், நாடாப்புழுவால வந்ததா இருக்கலாம், புற்றாவும் இருக்கலாம்.

4/ ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி ரிப்போர்ட்ல "கொழுப்பு அதிகம், டிபியாக இருக்க வாய்ப்பு"ன்னு இருந்துச்சு. அவர் மனைவிக்கு முகமே மலர்ந்துடுச்சு. "அப்போ மாத்திரையிலேயே சரியாயிடும்ல சார்?"

5/ சாதாரண எம்.ஆர்.ஐ. படம் காட்டும். ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி, அந்த இடத்துல என்னென்ன வேதிப்பொருள் இருக்குன்னு கிராஃபா காட்டும். என்.ஏ.ஏ. குறைஞ்சா நரம்பு செல்லுக்குப் பாதிப்பு. கோலின் ஏறினா செல்கள் வேகமா பெருகுதோன்னு சந்தேகம். டிபி கட்டின்னா கொழுப்பு தூக்கலா இருக்கும். கிராஃப்ல அது 1.3 என்ற இடத்துக்குப் பக்கத்துல நிக்கும்.

6/ சிக்கலே இங்கதான். நம்ம தலைத்தோலுக்கு அடியிலும் கொழுப்பு இருக்கு. அதுவும் அதே 1.3 பக்கத்துலதான் வரும். அளக்கிற கட்டத்தை மண்டை ஓட்டை ஒட்டி வச்சா, தோல் கொழுப்பு உள்ளே கசிஞ்சு மூளைக் கொழுப்பு மாதிரி வேஷம் போடும்.

7/ அடுத்தது தண்ணி. நாம தேடுற பொருட்களைவிட மூளைத் தண்ணியோட சிக்னல் சுமார் 10,000 மடங்கு பெரிசு. அதை அடக்காம விட்டா, திருவிழா லவுட் ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு ரகசியம் கேட்கிற கதைதான்.

8/ மூணாவது, ஷிம்மிங். அதாவது அளக்கிற இடத்துல காந்தப்புலத்தைச் சமமாக்குறது. 1.5 டெஸ்லா மிஷின் சுமார் 6.4 கோடி ஹெர்ட்ஸ்ல வேலை செய்யுது. அதுல கோலினுக்கும் கிரியேட்டினுக்கும் இடைவெளி வெறும் 12 ஹெர்ட்ஸ். ஷிம்மிங் சரியில்லைன்னா ரெண்டு கூம்பும் ஒட்டி ஒரே மேடாயிடும். அப்புறம் எது ஏறியிருக்கு, எது இறங்கியிருக்குன்னு எப்படிச் சொல்ல?

9/ நாலாவது, நேரம். இரைச்சலைப் பாதியாக்க நாலு மடங்கு நேரம் அளக்கணும். வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது டெக்னீஷியன் அவசரப்படுறார். அவரை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தை ஒதுக்கித் தராத நம்ம ஏற்பாட்டைத்தான் சொல்வேன்.

10/ கொத்தனார் கதைக்கு வர்றேன். எங்க ரேடியாலஜிஸ்ட் மேடம் ரிப்போர்ட்டை ஓரமா வச்சுட்டு கிராஃபைக் கேட்டாங்க. அடிக்கோடே அலை அலையா இருந்துச்சு. "இதை வச்சு எதுவும் சொல்லக்கூடாது. திரும்ப எடுப்போம்"னாங்க.

11/ கட்டத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தோல் கொழுப்பு மேல அடக்கும் பட்டைகளைப் போட்டு, ஷிம்மிங்கை மறுபடி செஞ்சு, கூடுதல் நேரம் எடுத்தாங்க. கொழுப்புக் கூம்பு பெருமளவு இறங்கிடுச்சு. கோலின் தனியா எழுந்து நின்னுச்சு. பயாப்சியில மூளைப் புற்றுன்னு உறுதியாச்சு. சர்ஜரி நடந்துச்சு. முதல் ரிப்போர்ட்டை நம்பியிருந்தா டிபி மாத்திரையிலேயே மாசக்கணக்குல போயிருக்கும்.

12/ அவர் மனைவிகிட்ட அதைச் சொன்னது சுலபமா இல்லை. ஆனா தப்பான ஆறுதலைவிட அது மேல்.

13/ என் கருத்து இதுதான்: கிராஃப் சரியில்லைன்னா "தரம் போதாது, முடிவு சொல்ல இயலாது"ன்னு ரிப்போர்ட்லயே எழுதணும். அது தோல்வி இல்லை, நேர்மை. நல்ல கிராஃப்கூட தீர்ப்பு கிடையாது. புற்றுக்குள்ள செல்கள் செத்திருந்தாலும் கொழுப்பு தெரியும். தேவைப்பட்டா பயாப்சிதான் கடைசி வார்த்தை.

14/ நீங்க செய்யக்கூடியது:
• ஸ்கேன்ல தலையை அசைக்காதீங்க. பயமா இருந்தா முன்னாடியே சொல்லுங்க.
• ஹேர்பின், கம்மல் கழட்டிடுங்க. பேஸ்மேக்கர், கிளிப் எது உடம்புல இருந்தாலும் மறைக்காதீங்க.
• பேப்பரோட நிக்காம சிடியும் கிராஃபும் கேட்டு வாங்குங்க.
• டாக்டர்கிட்ட ஒரே கேள்வி: "கிராஃப் தெளிவா வந்திருக்கா?"

15/ கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு தயங்காதீங்க. நல்ல டாக்டர் சந்தோஷப்படுவார்.