காருக்கும் ஒரு வெருளி

தோட்டத்து வெருளிக்கு உயிரில்லை, அதட்டுவதற்கு வாயுமில்லை. கிழிந்த சட்டையும் சுண்ணாம்புப் பொட்டிட்ட சட்டித் தலையுமே அதன் கோலம். ஆயினும் அதைக் கண்ட காகம் சற்றே தயங்குகின்றது. அந்தத் தயக்கமே தோட்டக்காரனுக்குக் காவல். 'நாய் கவனம்' என்ற பலகை தொங்கும் படலைக்குப் பின்னால் நாயே இல்லாத வீடுகளையும் நாம் கண்டதுண்டு. இவ்வாரம் அதே தந்திரத்தைக் காருக்குப் பயன்படுத்தும் வகையை ஆராய்வோம்.

மொரிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்களை யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இன்றும் காணலாம். 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளரை வைத்தியசாலை சேர்த்த வண்டிகள் அவை. அவற்றின் பூட்டுகள் எளியவை. அலாரம் என்பதோ அவற்றுடன் பிறந்ததன்று. அத்தகைய வண்டி களவு போனால் அதற்கீடாக இன்னொன்றைத் தேடிப் பெறுதல் எளிதன்று.

புதிய கார்களில் இரவிலே சிறு சிவப்பு விளக்கொன்று மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். 'இங்கே அலாரம் உண்டு' என்பதே அதன் பொருள். கள்வன் அஞ்சுவது விளக்குக்கன்று. அதன் பின்னால் இருக்கக்கூடிய ஓசைக்கே. ஆகவே விளக்கை மட்டும் பொருத்தினாலும் அவன் மனத்தில் ஐயம் எழும்.

இதற்கு உகந்தது ஒளிகாலும் இருவாயி, அதாவது எல்.ஈ.டி. சிவப்பொளி தரும் இவ்விருவாயியை 1962 இல் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்றிக் கம்பனியில் நிக் ஹொலோனியாக் ஆக்கினார். 12 வோல்ற்றுக்கென விற்கப்படும், தானே மினுக்கும் வகையைக் கேட்டு வாங்குக. சாதாரண சிவப்பு இருவாயிக்கு ஏறத்தாழ 2 வோல்ற்றே போதும். தடையி இன்றிப் பற்றறியில் நேரே தொடுத்தால் அது கருகிவிடும்.

பற்றறியின் நேர்முனையிலிருந்து அரை அம்பியர் உருகி, அதன் பின் சிறிய ஆளி, அதன் பின் விளக்கு. விளக்கின் மறுமுனை காரின் உலோக உடலுக்கு. இவ்வளவே சுற்று. விளக்கின் நேர்முனை எப்போதும் பற்றறியின் நேர்முனைப் பக்கமே இருத்தல் வேண்டும். இங்கே பழைய கார் வைத்திருப்போர் கவனிக்க: மொரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் பற்றறியின் நேர்முனையே உடலோடு தொடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் விளக்கின் நேர்முனையை உடலுக்கும், மறுமுனையை ஆளி, உருகி வழியாகப் பற்றறியின் எதிர்முனைக்கும் தொடுக்க வேண்டும். மாற்றித் தொடுத்தால் விளக்கு எரியாது, பழுதாகவும் கூடும். உருகியைப் பற்றறிக்கு அண்மையிலேயே வைக்க வேண்டும்.

பற்றறி இறங்கிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். விளக்கு 10 மில்லியம்பியர் கொள்வதாயின், 12 மணி நேர இரவுக்கு 0.12 அம்பியர் மணியே செலவாகும். 40 அம்பியர் மணிப் பற்றறிக்கு இது மிகச் சிறு பங்கு.

விளக்கைச் சாரதியின் கதவுக் கண்ணாடி வழியே தெரியுமாறு பொருத்துக. ஆளியும் கம்பியும் கண்ணிற் படலாகாது. கம்பி மிதிகளில் சிக்கவும் கூடாது.

இத்தகைய வெறுந்தோற்றம் பயன் தருமா? இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், சைக்கிள் நிறுத்துமிடங்கள் மூன்றில் உற்றுநோக்கும் கண்களின் படத்தோடு எச்சரிக்கைப் பலகைகளை மாட்டினர். அங்கே களவு நூற்றுக்கு 62 வீதம் குறைந்ததென 2012 இல் அறிவித்தனர். ஆனால் பலகை இல்லாத இடங்களில் அது 65 வீதம் கூடியிருந்தது. நம் தோட்டத்து வெருளியைக் கண்ட காகம் அயலவர் தோட்டத்தில் இறங்கிய கதைதான்!

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, விளக்கு கள்வனைத் தயங்கச் செய்யும், துணிந்தவனைத் தடுக்காது. ஆதலால் கதவைப் பூட்டுதல் வேண்டும். பழைய வண்டியாயின், தீப்பொறிச் சுருளுக்குச் செல்லும் கம்பியில் மறைவான ஆளியொன்றைத் தேர்ந்த மின்வேலைக்காரரைக் கொண்டு பொருத்துவித்தல் நன்று. அதை அணைத்துவிட்டால் திறப்புப் போட்டாலும் எஞ்சின் இயங்காது. விளக்கு ஏமாற்றும், அந்த ஆளியோ உண்மையிலேயே தடுக்கும். விளக்கை நம்பிப் பூட்டை மறந்தால், ஏமாந்தவர் நாமே.

இரண்டாவது, நம் வீட்டைத் தப்பவைத்து அயல்வீட்டை அகப்படவைப்பது காவலாகாது. இவ்வேலை ஒரு பிற்பகலுக்குள் முடிவது, செலவும் சிறிது. கைத்திறன் உள்ள மாணவர்கள் தம் வீட்டு வண்டியோடு நின்றுவிடாமல், ஒழுங்கையில் உள்ள மற்ற வண்டிகளுக்கும், பெரியவர்களைக் கேட்டு, ஒவ்வொன்று செய்து கொடுப்பார்களாக.