டயர் பற்றி இப்போதே பேசிவிடுவோம்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஒன்ராறியோவில் மேப்பிள் இலைகள் நிறம் மாறி உதிரத் தொடங்கியிருக்கும். ரொறன்ரோவில் இருப்பவர்களுக்குப் பனி இன்னும் சில வாரங்கள் தள்ளிய விஷயம். ஆனால் வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையோரம் வாவா, மரத்தன், நிப்பிகன் என்று ஓடுகிறவர்களுக்கு அந்த அவகாசம் கிடையாது. ஏரியின் ஈரக்காற்று குளிர்ந்த நிலத்தின்மேல் ஏறியதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீதி வெள்ளையாகிவிடும். 17ஆம் நெடுஞ்சாலையும் 11ஆம் நெடுஞ்சாலையும் பெரும்பகுதி போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடங்கள் கொண்டவை. நிப்பிகன் ஆற்றைக் கடக்கும் இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 2016 ஜனவரியில் அந்தப் பாலம் பழுதாகி மூடப்பட்டபோது, கனடாவின் கிழக்கிலிருந்து மேற்குக்குக் கனடாவுக்குள்ளேயே போக லொறிகளுக்கு வேறு வீதி இருக்கவில்லை. அவ்வளவு ஒற்றை நூலில் தொங்குகிற பாதை அது. அந்தப் பாதையில் சுமை ஏற்றிப் போகிற நம்மவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலரும், அவர்கள் வீடு வந்து சேரும்வரை கைப்பேசியைக் கையிலேயே வைத்திருக்கும் அவர்களுடைய குடும்பத்தினரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள்.

அப்படியொரு சகோதரி அண்மையில் எழுதியிருந்தார். கணவர் வின்னிபெக்குக்கு ட்ரக் ஓட்டுகிறார். வீட்டுக் காருக்கு நவம்பரிலேயே வின்டர் டயர் பூட்டிவிடுகிறார்களாம். அதற்காகக் காப்புறுதிக் கட்டணத்திலும் ஒரு சிறு கழிவு கிடைக்கிறதாம். “கடைக்குப் போய் வருகிற காருக்கு இவ்வளவு பார்க்கிறோம். அவர் இரவெல்லாம் ஓட்டுகிற அந்தப் பெரிய வண்டிக்கு ஏன் யாரும் பார்ப்பதில்லை?” என்று கேட்டிருந்தார். இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பலர் அதிலேயே ஆறுதல் தேடிக்கொள்கிறார்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்கு வின்டர் டயர் கட்டாயம். கனரக வாகனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒன்ராறியோவில் காருக்கும் கட்டாயமில்லை, ட்ரக்குக்கும் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைவீதிகளுக்கு ஒக்ரோபர் 1இல் தொடங்கிக் கடும் விதிகள் உண்டு. ஹோப் நகரிலிருந்து கொக்கிஹாலா மலையேறுகிற கனரக ட்ரக்குகள் சங்கிலி கொண்டுபோகாமல் போக முடியாது. ஜெர்மனியோ இதையெல்லாம் தாண்டி, 3.5 தொன்னுக்கு மேற்பட்ட வாகனங்களின் இயக்கு அச்சுக்கு 2018இலும், முன்சக்கரங்களுக்கு 2020 ஜூலையிலும், குளிர்காலச் சின்னம் பொறித்த டயரைக் கட்டாயமாக்கியது. நம் மாகாணத்தில் ட்ரக்குக்குச் சட்டம் கேட்பது டயர்ப் பள்ளத்தின் ஆழத்தைத்தான்: 4,500 கிலோவுக்கு மேற்பட்ட வாகனத்தின் முன் டயர்களில் 3 மில்லிமீற்றர், மற்றவற்றில் 1.5 மில்லிமீற்றர். இந்த 1.5 மில்லிமீற்றர் என்பது ஜூலை மாதத்து உலர்ந்த வீதியிலேயே மனம் ஒப்பாத அளவு. டிசம்பரில் வடக்கே கப்பஸ்கேசிங் பக்கம் அந்த டயரோடு ஒருவரை அனுப்புவதைச் சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக அது சரியாகிவிடாது.

சகோதரியின் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் உண்டு. காரில் நான்கு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்கின்றன. பதினெட்டுச் சக்கர ட்ரக்கில் வேலை மூன்றாகப் பிரிகிறது. முன்னே இரண்டு ஸ்டியர் டயர்கள் திருப்புகின்றன. நடுவே எட்டு டிரைவ் டயர்கள் தள்ளுகின்றன. பின்னே எட்டு ட்ரெய்லர் டயர்கள் சுமையைத் தாங்கி, பிரேக் அழுத்தும்போது பிடித்து நிறுத்துகின்றன. பதினெட்டையும் பருவத்துக்குப் பருவம் கழற்றிப் பூட்டுவது பெரும்பாலான கம்பனிகளுக்குக் கட்டுப்படியாகாது. பனிக்கென்றே செய்த மென்மையான ரப்பர் கோடையில் விரைவாகத் தேயும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். அதனால் ஆண்டு முழுவதும் ஒரே டயர் என்பதே வழக்கமாகிவிட்டது. இதில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டு டிரைவ் டயர்களையாவது குளிர்காலத்தை மனதில் வைத்துத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல.

டிரைவ் டயரில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்றின் ஓரம் மூடியிருக்கும். பக்கவாட்டில் ரப்பர் தொடர்ச்சியான பட்டியாக ஓடும். 401ஆம் நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஒரே வேகத்தில் போகிற நெடுந்தூர ஓட்டத்துக்கு அது எரிபொருளை மிச்சப்படுத்தும், சீராகத் தேயும். மற்றதன் ஓரம் திறந்திருக்கும். கட்டை கட்டையாகப் பிரிந்து, இடையில் உள்ள பள்ளங்கள் வெளிவரை வெட்டப்பட்டிருக்கும். பனியைக் கடித்துப் பிடிக்கவும், அடைத்த பனியைச் சுழற்சியில் வெளியே எறியவும் இந்த இரண்டாவதுதான் உதவும். வடக்கே ஓடுகிற வண்டிக்கு எரிபொருள் மிச்சத்தைப் பார்த்து முதலாவதை வாங்குகிறவர் கணக்குப் போடும்போது, ஒரு மேட்டில் ஏற முடியாமல் நின்றுபோகிற ஓர் இரவின் விலையையும் சேர்த்துப் போட வேண்டும்.

அந்தக் கட்டைகளைக் குனிந்து பாருங்கள். மேலே கத்தியால் கீறியது போல நுண்ணிய வெட்டுகள் இருக்கும். ஜான் சைப் என்ற அமெரிக்கர் வழுக்கும் தரையில் சப்பாத்துப் பிடிப்பதற்காக ரப்பர் அடியில் இப்படி வெட்டி, 1923இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயராலேயே இன்றும் அவை சைப் எனப்படுகின்றன. சக்கரம் தரையில் அழுந்தும்போது இந்த வெட்டுகள் சற்றே விரிந்து நூற்றுக்கணக்கான சிறு விளிம்புகளாகின்றன. பனிக்கட்டியில் பிடிப்பது அந்த விளிம்புகள்தான். பெரிய பள்ளங்கள் பனிக்கு, இந்தச் சிறு வெட்டுகள் ஐஸுக்கு. டயர் தேயத் தேயப் பல வகைகளில் இவ்வெட்டுகள் மறைந்துவிடும். பள்ளம் பார்வைக்கு இருக்கும், வெட்டு இருக்காது. பாதி தேய்ந்த டயர் மழையில் நன்றாக ஓடிவிட்டு ஐஸில் கைவிடுவதற்கு இது முக்கியமான காரணம்.

பக்கச்சுவரில் உள்ள குறிகளைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்துகள் சேற்றுக்கும் பனிக்கும் என்பதைச் சொன்னாலும், அவை பள்ளங்களின் வடிவத்தைப் பார்த்துத் தயாரிப்பாளர் இடுகிற குறி. அதற்காக யாரும் பனியில் ஓட்டிச் சோதிப்பதில்லை. மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் ஒரு பனிப்பூ வரைந்த சின்னம் வேறு. அதைப் பெற, அழுத்தப்பட்ட பனியில் ஓட்டி, ஓர் ஒப்பீட்டு டயரைவிடச் சிறப்பாகப் பிடிக்கிறது என்று காட்ட வேண்டும். டிரைவ் டயர் வாங்கும்போது அந்த மலைச் சின்னத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அதுவும் பனிக்கான சோதனைதான், ஐஸுக்கானது அல்ல. பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையில், ஐஸின்மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்போது, எந்தச் சின்னமும் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். மைனஸ் 25இல் உள்ள காய்ந்த ஐஸைவிட மைனஸ் ஒன்றில் உள்ள ஈர ஐஸ் பல மடங்கு வழுக்கும். குளிர் குறைந்துவிட்டது என்று மனம் இளகுகிற அந்த மார்ச் மாதத்து மத்தியான வேளைதான் என்னை அதிகம் பயமுறுத்துவது.

ஆழத்தைப் பற்றிய என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். தொழிலில் இருப்பவர்கள் அங்குலத்தை முப்பத்திரண்டாகப் பிரித்து அளப்பார்கள். புதிய டிரைவ் டயர் பெரும்பாலும் 26இலிருந்து 32 வரை இருக்கும்; அதாவது இரண்டு சென்ரிமீற்றருக்கும் மேல். 8க்கு, அதாவது ஆறு மில்லிமீற்றர் சொச்சத்துக்குக் குறைந்த டிரைவ் டயரோடு டிசம்பரில் யாரும் சட்பரி தாண்டக் கூடாது என்பது என் எண்ணம். எப்படியும் இந்த ஆண்டு மாற்றத்தான் வேண்டும் என்றால், வசந்தம்வரை இழுக்காமல் இலையுதிர் காலத்திலேயே மாற்றுங்கள். முழு ஆழமும் பனிக்குப் பயன்படும். அடுத்த கோடைக்குள் ஓரளவு தேய்ந்து, கோடைக்கு ஏற்ற அளவுக்கு வந்துவிடும். செலவு அதேதான், மாதம் மட்டும்தான் வேறு.

ட்ரெய்லர் டயரை யாரும் கவனிப்பதில்லை. முன்னே தேய்ந்தது பின்னே போகும், பின்னே தேய்ந்தது தேய்ந்தபடியே ஓடும். சரிந்த வளைவில், காற்றடிக்கும் ஐஸில், வெறுமையான ட்ரெய்லரின் பின்பக்கம் மெல்லப் பக்கவாட்டில் நகரத் தொடங்கினால், எவ்வளவு நல்ல டிரைவ் டயரும் அதைப் பிடித்து நிறுத்தாது.

இனி காற்று. இதற்குப் பணம் வேண்டியதில்லை, பொறுமை மட்டும் வேண்டும். கராஜுக்குள் 20 பாகையில் 100 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், வெளியே மைனஸ் 20இல் ஓர் இரவு நின்றால் ஏறத்தாழ 85க்கு இறங்கிவிடும். ஓட்டை எதுவும் இல்லை. குளிரில் காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். 20 விழுக்காடு குறைந்த டயரைக் காற்றுப்போன டயராகவே கருத வேண்டும் என்பது தொழிலின் விதி. அப்படியென்றால் முதல் குளிர் இரவே உங்களை அந்த எல்லைக்கு அருகில் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. இரட்டைச் சக்கரத்தில் உள்ளே இருக்கிற டயரை அளக்கக் குனிந்து கையை விட வேண்டும், கையுறை நனையும். அதனால்தான் அதை விட்டுவிடுகிறார்கள். அதை விடாதீர்கள். காற்றைக் குறைத்தால் பனியில் பிடிப்புக் கூடும் என்று யாராவது சொன்னால், சுமை ஏற்றிய ட்ரக்குக்கு அது பொருந்தாது என்று அன்போடு சொல்லுங்கள்.

வீட்டில் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பிக்கப்பின் பின்பெட்டி வெறுமையாக இருக்கும்போது பாரமெல்லாம் முன்னே இருக்கும். பின்சக்கரம் சும்மா சுழலும். நாலு சக்கர இழுவை புறப்பட உதவும், நிற்க உதவாது. நிற்பதற்கு டயர்தான் வேண்டும், அதுவும் நான்கும் ஒரே வகையாக. பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கிற பெரிய கட்டை கொண்ட சேற்று டயர், சேற்றில் அழகாகப் போகும். அதன் ரப்பரில் நுண்வெட்டுகள் குறைவு, ஐஸில் அது மோசம். அதன் தோற்றத்துக்கு மயங்கி டிசம்பரிலும் அதையே ஓட்டுகிற தம்பிமாரைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே நிலைக்கத் தொடங்கியதுமே வின்டர் டயருக்கு மாறிவிடுங்கள். சாதாரண டயரின் ரப்பர் அதற்குக் கீழே இறுகத் தொடங்கும். பனி விழுவதற்குக் காத்திருந்தால் கராஜ் வாசலில் ஊரே நிற்கும்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களை நினைத்துத்தான் இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். 2017 ஜூலை முதல் ஒன்ராறியோவில் பெரிய ட்ரக் ஓட்டுவதற்கான ‘ஏ’ வகை அனுமதிப்பத்திரத்துக்கு 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். நல்ல விதி. ஆனால் அந்த மணி நேரம் முழுவதும் கோடையிலேயே முடிந்துவிடலாம். முதல் பனியை ஒருவர் சுமையோடு, தனியாக, இரவில் பார்க்க நேரலாம். அந்தத் தம்பிக்குத் தன் ட்ரக்கின் டயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் இருக்காது. டயர் வாங்குகிறவர் ஒருவர், அதன்மேல் உட்கார்ந்து போகிறவர் இன்னொருவர். ஆனால் ஓட்ட மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. புறப்படுமுன் செய்கிற நாளாந்தப் பரிசோதனையில் பள்ளம் சட்ட அளவுக்குக் கீழே இருந்தாலோ, காற்றுப் போகும் சத்தம் கேட்டாலோ, அது பெரிய குறைபாடு. அந்த வண்டியை எடுக்கவே கூடாது. மாகாண எல்லை தாண்டி ஓடுகிற தொழிலாளர்கள் கூட்டாட்சித் தொழிற்சட்டத்தின் கீழ் வருகிறார்கள். ஆபத்தான வேலையை மறுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. தங்களைத் தாங்களே கம்பனியாகப் பதிந்து ஓட்டச் சொல்லி வற்புறுத்தப்படுகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு மங்கிப்போகிறது என்பது இந்தத் தொழிலில் நடக்கும் பெரிய அநீதி. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும், எழுதுவோம்.

ட்ரக் கம்பனி நடத்துகிற நம்மவர்களும் இந்த இதழைப் படிக்கிறீர்கள். ஒக்ரோபர் மாதத்திலேயே உங்கள் சாரதிகளைக் கூப்பிட்டு, யார் வடக்கே போகிறார்கள், யாருடைய வண்டியில் என்ன டயர் இருக்கிறது என்று உட்கார்ந்து பேசுங்கள். எல்லா வண்டிக்கும் இந்த ஆண்டே வாங்க முடியாவிட்டால், 11இலும் 17இலும் ஓடுகிற வண்டிகளுக்கு முதலில் வாங்குங்கள். மிசிசாகாவுக்கும் மொன்றியலுக்கும் ஓடுகிற வண்டி அடுத்த மாதம்வரை காத்திருக்கலாம்.

கடைசியாக ஒன்று. டயர் மாற்றிய பிறகு 80 முதல் 160 கிலோமீற்றருக்குள் நின்று, சக்கர நட்டுகளை மறுபடி அளவாக முறுக்கிவிடுங்கள். பூட்டும்போது இறுக்கமாக இருந்தவை ஓட்டத்தில் சற்றே இளகும். கழன்று பறந்த சக்கரத்துக்கு ஒன்ராறியோச் சட்டத்தில் சாக்குப்போக்கே கிடையாது. தண்டம் 50,000 டொலர்வரை போகலாம். முறுக்கிய நேரத்தையும் கிலோமீற்றரையும் ஒரு துண்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள்.

வடக்கே ஓடி அனுபவம் உள்ளவர்கள், எந்த டயர் உங்களுக்கு எத்தனை குளிர்காலம் உழைத்தது, எது கைவிட்டது என்று எங்களுக்கு எழுதுங்கள். டிசம்பர் இதழில் அந்தக் கடிதங்களுக்கென்றே நான்கு பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்