வரைபடத்தில் ஒரு நீலக்கோடு

1802இல் சென்னையில் முக்கோண முறை நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1808இல் தஞ்சைக்கு வந்தார். பெரிய கோயிலின் விமானத்தின் மீது ஏற்றும்போது அவருடைய தியோடலைட் கயிறு அறுந்து சுவரில் மோதிப் பழுதாயிற்று. குன்றுகளற்ற காவிரிச் சமவெளியில் உயரம் வேண்டிக் கோயில்களை நாடியதன் விளைவு அது. அருகிலுள்ள புதுக்கோட்டைச் சீமைக்கு அந்தக் குறை இல்லை. நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை எனத் தட்டையான நிலத்தில் பாறைக் குன்றுகள் தனித்தனியே எழுந்து நிற்கின்றன. வழி கண்டறியப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் எண்ணம்.

ஓரியன்டீரிங் என்றொரு விளையாட்டு உண்டு. ஸ்வீடனில் 1919இல் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற ராணுவ அதிகாரி நடத்திய போட்டிக்குப் பிறகு அது பரவலாயிற்று. வரைபடமும் திசைகாட்டியும் மட்டுமே துணை. குறிக்கப்பட்ட இடங்களை வரிசை தவறாமல் சென்றடைய வேண்டும். இடையில் எவ்வழியே செல்வது என்பதை ஓடுகிறவரே தீர்மானிக்க வேண்டும். கால்களின் வேகத்தைவிட அந்தத் தீர்மானமே ஆட்டத்தின் உயிர்.

தொடங்குவது எளிது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் பழகுவதற்குப் போதும். ஒரு கிலோமீட்டர் நிலம் அதில் இரண்டு சென்டிமீட்டராக இருக்கும். வரைபடத்தின் வடக்கும் திசைகாட்டியின் வடக்கும் ஒத்துவரும்படி தாளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நம் பகுதியில் காந்த வடக்கின் விலகல் ஓரிரு பாகைதான். புதியவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நிற்கும் இடத்தின் மீது கட்டைவிரலை வைத்து, நடக்க நடக்க அதை நகர்த்த வேண்டும். முதலில் கண்மாய்க் கரையை ஒட்டியே நடக்கலாம். பழகியபின் கரையை விட்டு விலகி ஒரு குன்றைக் குறிவைக்கலாம். வெயில் ஏறுமுன் முடித்துவிடுவதும் துணையோடு செல்வதும் நல்லது.

கைபேசியே வழி சொல்லும் காலத்தில் இது எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். சென்ற தை மாதத்தில் நார்த்தாமலைப் பக்கம், ஒரு கண்மாயின் வரத்துவாரியை வரைபடத்தில் நீலக்கோடாகக் கண்டு அதன் வழியே நடந்தேன். பாதித் தொலைவில் வாரியைக் காணோம். மேடாக்கிய நிலமும் புதிதாக நட்ட கற்களும் இருந்தன. கைபேசியின் குரல் என்னைச் சாலை வழியே சுற்றிக் கண்மாய்க்குக் கொண்டு சேர்த்திருக்கும். நீர் வந்த வழி அடைபட்டதை நான் அறிந்திருக்க மாட்டேன்.

புதுக்கோட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தத்தம் ஊரின் வரைபடத்தைக் கையில் கொடுத்து ஒரு நாள் நடக்கவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். விளையாட்டாகவே தொடங்கட்டும். எந்தக் கோடு தரையில் இல்லை என்று அவர்களே வந்து கேட்பார்கள்.