அந்த ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கிப் போடுங்க

தலைப்பைப் பார்த்துட்டு பிளாஸ்டிக் ஒழிப்புப் பிரசங்கம்னு ஓடிடாதீங்க மக்களே. அது கடைசியில கொஞ்சம் வரும். என் முதல் சண்டை டப்பாவோட சைஸ் மேல.

சித்தேரியில எங்க வீட்டுல மொத்தமா காய் வாங்கணும்னா அரூருக்கு இறங்கணும். தக்காளி விலை எப்படி ஆடும்னு நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாலக்கோடு மார்க்கெட்டுல வரத்து ஏறினா விலை பாதாளத்துக்குப் போகும். 2023 ஜூலையில கிலோ நூறைத் தாண்டினப்போ, அரசே பண்ணைப் பசுமைக் கடைகள்லயும் சென்னையில சில ரேஷன் கடைகள்லயும் 60 ரூபாய்க்கு வித்துச்சு. அதனால மலிவா கிடைக்கும்போது அஞ்சு கிலோ வாங்கி, வெங்காயம், பூண்டு சேர்த்து வதக்கி, சுண்டவச்சு, அரைச்சு ஃப்ரீசர்ல வச்சுடறது எங்கம்மா வழக்கம். அவசரத்துக்கு ஒரு கரண்டி போட்டா குழம்பு ரெடி. அருமையான யோசனைதான். கெடுத்தது டப்பா.

எந்த டப்பா? உங்க வீட்டுலயும் இருக்கும். எப்பவோ பிறந்தநாளுக்கு வாங்கின ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா. இல்லைன்னா ஓட்டல் பார்சல்ல வந்த கறுப்பு டப்பா. "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீசணும்?" இதுதான் தேசிய கீதம் :-)

ரெண்டு லிட்டர் விழுது, ரெண்டு டப்பா. ஒரு வேளைக்கு எங்க அஞ்சு பேருக்கும் கால் லிட்டர் போதும். ஆனா ஒரு லிட்டர் கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு. கத்தியால குத்தினா கத்திதான் வளையுது. அதனால மொத்தத்தையும் மேடையில வச்சு உருகவிட்டு, கொஞ்சம் எடுத்துட்டு, மிச்சத்தைத் திரும்ப உள்ளே தள்ளுறது. மூணாவது தடவை திறந்தப்போ புளிச்ச வாடை. மூடியோட ஓரமும் விரிசல் விட்டிருந்துச்சு. அத்தனையும் குப்பைக்குழிக்குப் போச்சு. அம்மா ஒண்ணும் பேசலை. பேசாம பாத்திரம் கழுவினதுதான் எனக்கு உறுத்துச்சு.

இதுல என்ன நடக்குதுன்னு பார்ப்போம். உறைய வச்சா பெரும்பாலான கிருமி சாகறதில்லை, தூங்குது. அவ்வளவுதான். மேடையில உருகும்போது வெளிப்பக்கம் சூடாகி கிருமிங்க முழிச்சுக்கும், நடுவுல இன்னும் ஐஸ் இருக்கும். நடு உருகறதுக்குள்ள ஓரம் மணிக்கணக்கா வெளிக்காத்து சூட்டுல கிடக்கும். திரும்ப உள்ளே வச்சாலும் அதே கதை. தடிமன் ரெண்டு மடங்கானா உறையற நேரம் ரெண்டு மடங்குக்கு மேல, கிட்டத்தட்ட நாலு மடங்கு வரைக்கும் போகும். ஆக ஆழமான பெரிய டப்பா, உறையறப்பவும் லேட், உருகறப்பவும் லேட். நடுவுல கிருமிக்குக் கொண்டாட்டம்.

மூடி ஏன் விரிசல் விட்டுச்சு? டப்பா அடியில முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும், பாருங்க. அது "பாதுகாப்பானது" முத்திரைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லவே இல்லை, எந்த வகை பிளாஸ்டிக்குன்னு மட்டும்தான் சொல்லும். 5 போட்டிருந்தா பாலிபுரோப்பிலீன். சாதாரண ரகம் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே நொறுங்கற குணத்துக்கு வந்துடும். 1 போட்டிருந்தா பெட், தண்ணி பாட்டில் ரகம். 70 - 80 டிகிரியிலயே இளகிடும், அதுல கொதிக்கிற விழுதை ஊத்தறது வம்பு. அதுலயும் சூடு, எண்ணெய், புளிப்பு மூணும் சேர்ந்தா பிளாஸ்டிக்ல இருந்து சாப்பாட்டுக்கு இறங்கறது கூடும். ஐஸ்கிரீம் டப்பா ஜில்லுனு ஐஸ்கிரீம் வைக்கச் செஞ்சது. நம்ம தக்காளி விழுதுக்குச் செஞ்சது இல்லை.

சரி, அப்போ எது? என் ஓட்டு எவர்சில்வருக்கு. கால் லிட்டர் விழுது பிடிக்கிற, அகலமான, உயரம் குறைஞ்ச, மூடி இறுக்கமா உட்கார்ற டப்பா. ஒரு டப்பா, ஒரு வேளை. எடுத்தா காலி பண்ணணும், திரும்ப உள்ளே போகக்கூடாது. சட்டம் இவ்வளவுதான்.

"கண்ணாடி பாட்டில் இருக்கே?" இருக்கு. தண்ணி உறைஞ்சா சுமார் 9 சதவீதம் பெருசாகும். கழுத்து ஒடுங்கின ஊறுகாய் பாட்டில்ல வழிய வழிய ஊத்தி வச்சா வெடிக்கும். எவர்சில்வர்லயும் மேல ஒரு விரல் இடம் விடுங்க, இல்லைன்னா மூடியைத் தள்ளிடும்.

"அலுமினிய தூக்கு?" வேண்டவே வேண்டாம். தக்காளி, புளி ரெண்டும் அலுமினியத்தை அரிக்கும்.

"ஜிப் கவர்?" நேர்மையா சொல்றேன், தட்டையா படுக்கவச்சு உறைய வைக்க அதைவிட நல்லது இல்லை. ஆனா எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி எத்தனை தடவை உபயோகிப்பீங்க? எங்க வீட்டுல கிழிஞ்ச கவர் கடைசியில வெந்நீர் அடுப்புக்குத்தான் போகும். 2019 ஜனவரி 1-ல ஒருமுறை உபயோகிக்கிற பிளாஸ்டிக் சாமான் 14 வகையை அரசு தடை பண்ணிச்சு. அந்தப் பட்டியல்ல ஜிப் கவர் இருக்கா இல்லையாங்கிற பட்டிமன்றம் வேண்டாம், புகை நம்ம மூக்குலதான் ஏறும்.

"எவர்சில்வர்ல உள்ளே என்ன இருக்குன்னு தெரியாதே, மைக்ரோவேவ்ல வைக்க முடியாதே?" மூடியில காகிதம் ஒட்டி தேதி எழுதுங்க. மைக்ரோவேவ் எங்க வீட்டுல இல்லை. வெந்நீர்ல டப்பாவோட நிறுத்தினா பிளாஸ்டிக்கைவிட சீக்கிரம் உருகும், எவர்சில்வர் சூட்டை நல்லா கடத்தும்.

"கரண்ட் போச்சுன்னா?" கதவைத் திறக்காதீங்க. நிறைஞ்ச பெரிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைஞ்சது 24 மணி நேரம் தாங்கும்னு கணக்கு. நம்ம ஒத்தைக் கதவு ஃப்ரிட்ஜோட ஐஸ் பெட்டி அவ்வளவு தாங்காது. டப்பாக்களை நெருக்கி அடுக்குங்க, ஒண்ணுக்கொண்ணு குளிர் கொடுத்துக்கும். திறக்கும்போது உள்ளே இன்னும் ஐஸ் துகள் இருந்தா திரும்ப உறையட்டும். முழுசா உருகி சூடேறியிருந்தா கொட்டிடுங்க, மனசு கேட்காதுதான்.

கடைசி ஆயுதம்: "ஓசி டப்பா இருக்க எதுக்குக் காசு?" வாங்க, காமர்ஸ்காரன் கிட்டயே கணக்கா :-) நான் அரூர்ல வாங்கினது டப்பா ஒண்ணு 90 ரூபாய். எட்டு டப்பா 720. பத்து வருஷம் உழைக்கும்னு வச்சா தேய்மானம் வருஷம் 72 ரூபாய். பத்து வருஷம் கழிச்சும் பழைய பாத்திரக்கடைக்காரர் எடை போட்டுக் காசு தருவார். அதுதாங்க எச்ச மதிப்பு!

இப்போ அந்தக் குப்பைக்குழிக் கணக்கு. தக்காளி 40, எண்ணெய் 40, கேஸ் 20. நூறு ரூபாய்தானே போச்சுன்னு நானும் முதல்ல அப்படித்தான் எழுதினேன். நல்லாப் பாருங்க, ஒரு வரி விட்டுப்போச்சு. அம்மா அரை நாள் அடுப்பு முன்னாடி நின்னாங்களே, அது எந்தத் தலைப்புல? 2024-25-ல தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 319 ரூபாய். அரை நாளுக்கு 160-ன்னு வச்சா நஷ்டம் 260. மூணு தடவை கொட்டினா 780, எட்டு டப்பா காசுக்கு மேல.

ஓசி டப்பா மலிவாத் தெரியறது, அம்மாவோட உழைப்புக்கு நாம பூஜ்யம் போடறதாலதான். 2011-ல வந்த திட்டத்துல அரசாங்கம் மிக்சியும் கிரைண்டரும் குடுத்துச்சு, அரைக்கிற வேலை குறைஞ்சுது. அடுப்பு முன்னாடி நின்னு கிண்டறது குறையலை. அந்த வேலையைக் குழியில கொட்டாம இருக்கறதாவது நம்ம பொறுப்பு.

அடுத்த தடவை தக்காளி மலியறதுக்குள்ள பாத்திரக்கடைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. பாதி டப்பா போதும்னா பாதி வாங்குங்க.

டிஸ்கி: ஐஸ்கிரீம் டப்பாவை வீச மனசு வராதவங்க அதுல ஆணி, குண்டூசி, பட்டன் போட்டு வைக்கலாம். அதுக்கு நான் எதிரி இல்லை.