முதலாளி என்னும் பட்டம்

சுன்னாகம் சந்தையிலே வெங்காயத்தின் விலை விழுந்தால், லொறிக் கூலி கூடிவிட்டது என்று தோட்டக்காரனுக்குக் காரணம் சொல்லப்படுகிறது. கொழும்பிலே அதே வெங்காயத்தின் விலை ஏறினால், வாங்குபவனுக்கும் அதே காரணந்தான். இவ்விரு விலைகளுக்கும் இடையே, இரவு முழுவதும் கண்விழித்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வண்டி ஓட்டும் மனிதனின் கையில் எஞ்சுவது என்னவென்று நமது படித்த கனவான்கள் கேட்பதில்லை. கேளாமலே, "லொறிக்காரர் கொள்ளையடிக்கின்றனர்" என்று தீர்ப்பும் கூறிவிடுகின்றனர். அத்தீர்ப்பை நாம் மறுக்கின்றோம்.

யாழ்ப்பாணத்திலே ஒற்றை லொறியை வைத்துத் தானே ஓட்டுபவனையும் 'முதலாளி' என்றே அழைக்கின்றனர். எத்தகைய முதலாளி இவன்? வண்டியின் பதிவுப் பத்திரத்தை விரித்துப் பாருங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்திலே லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும். போர் முடிந்து 2009இன் பின்னர் ஏ9 வீதி திறந்தபோது, வடக்கை நாடி ஓடிவந்தவற்றுள் இக்கம்பனிகளும் இருந்தன. தவணை தவறினால் வண்டி போய்விடும்; கட்டிய பணமும் அதனோடு போய்விடும். டீசல் இவனுடையது; ரயர் இவனுடையது; காப்புறுதியும் திருத்தச் செலவும் இவனுடையவை. கூலி மாத்திரம் இவனுடையதன்று. அதைத் தரகரும் மொத்த வியாபாரியும் தீர்மானிக்கின்றனர்.

அதுவும் எங்கே தீர்மானிக்கின்றனர்? புறக்கோட்டையிலே, வெறும் வண்டியோடு இவன் நிற்கும் வேளையிலே. வெறுமையாகத் திரும்பினால் டீசல் காசு கைநட்டம். காத்து நின்றால் அடுத்த தவணை நெருங்கும். தரகருக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே அவர் அவசரப்படுவதில்லை. சாப்பாட்டுக் கடைக்கும் வண்டிக்குமாக இவன் இரண்டு நாள் அலைந்தபின், முதல்நாள் தான் மறுத்த கூலிக்கே சீமெந்தையோ சீனியையோ ஏற்றிக்கொண்டு வடக்கே புறப்படுகிறான்.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. அவ்வாண்டு யூன் மாத இறுதியிலே 460 ரூபா. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. நாட்கணக்கில் வரிசையிலே காத்திருக்க நேர்ந்தது. காத்திருந்த நாட்களுக்கு எவர் கூலி கொடுத்தார்? பஸ் கட்டணத்தைத் திருத்துவதற்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு இருக்கிறது. டீசல் விலையையும் கணக்கிற் கொள்ளும் சூத்திரமும் இருக்கிறது. சரக்கு ஏற்றுபவனுக்கோ சந்தையின் தயவே சூத்திரம். டீசல் விலை ஏறினால் கூலி நொண்டிக்கொண்டு பின்னே வரும், இறங்கினால், "இனி ஏன் பழைய கூலி?" என்று மறுநாளே கேட்கப்படும்.

லொறிக்காரனிடமும் நமக்கு ஒரு சண்டை உண்டு. 'முதலாளி' என்ற சொல் இவன் காதுக்கு இனிக்கிறது. சம்பளத்துக்கு ஓட்டும் சாரதியைவிடத் தான் ஒருபடி மேல் என்று எண்ணுகிறான். கிளீனர் பையனின் கூலியிலே கைவைக்கிறான். பக்கத்து வண்டிக்காரன் கேட்ட கூலியிலே சில ஆயிரம் குறைத்துச் சுமையைத் தட்டிக்கொள்கிறான். அடுத்த கிழமை அக்குறைந்த கூலியே ஊர்க் கூலியாகிறது. இவனும் அதற்கே ஓடவேண்டியவனாகிறான். இதைத் தரகர் செய்தாரென்று சொல்ல முடியுமா?

புகையிலை வியாபாரிகளின் தயவிலே கிடந்த யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர், 1930களிலே கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்து மலையாளச் சந்தைக்குத் தம் புகையிலையைத் தாமே அனுப்பினர். வெங்காயத்துக்கும் லொறிக்கும் அது ஆகாதென்று எவர் சொன்னார்? தோட்டக்காரரின் சங்கமும் லொறிக்காரரின் சங்கமும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசட்டும். டீசல் விலையோடு ஏறி இறங்கும் ஒரு கூலி விகிதத்தை எழுதிச் சந்தை வாசலிலே ஒட்டட்டும். கொழும்பிலிருந்து திரும்பும் சுமையைக் கூட்டுறவுக் கடைகளின் சரக்கிலிருந்தே முன்கூட்டிப் பேசிக்கொள்ளட்டும். எழுதிய கூலிக்குக் கீழே ஏற்றுவதில்லையென்று லொறிக்காரரும், அதற்குக் குறைத்துக் கேட்பதில்லையென்று தோட்டக்காரரும் கையொப்பமிடட்டும். அடுத்த வெங்காய அறுவடைக்கு முன்னரே இதைத் தொடங்கவேண்டும்.